ஏ பக்கம் என்னுடையது

ஹெவி மெட்டல் என்றதும் காதைப் பொத்திக்கொள்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிடுவேன். என் சண்டையெல்லாம் அந்தச் சங்கீதத்தை என்னைப் போலவே வெறிபிடித்து நேசிக்கிற ஒருவனோடுதான். அவன் என் தம்பி. ஒரே கடையில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பல வருஷமாகப் பல் செட் செய்துகொண்டிருக்கிறோம்.

எங்களுடையது பல் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதில் ப்ளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, மெழுகில் பல் நட்டு, வாய்க்குப் பொருந்துகிற மாதிரி ஆக்கித் திருப்பி அனுப்புவோம். மெழுகு வேலை எனக்கு. உலோகத்தை உருக்கி வார்ப்பது தம்பிக்கு. இந்த ஊரில் பாதிப் பேர் எங்கள் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் மட்டும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பல்லைக் காட்டிப் பழக்கமில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கேசட். நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கப்பலில் சமையல் வேலை பார்த்த எங்கள் மாமா அதைக் கொண்டுவந்தார். ஒற்றைக் கேசட்டை நீட்டி, இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி கப்பல் ஏறிவிட்டார். அந்த மனிதருக்குப் பிள்ளைகள் கிடையாது. பிள்ளை பெற்ற எவனாவது இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கேசட்டைக் கொடுப்பானா?

அட்டையில் கறுப்புக் கடல், கறுப்புக் கோபுரம், உச்சியில் ஊசி முனை அளவுக்கு ஒரு சிவப்பு. 'கறுப்புக் கலங்கரை' என்று பெயர். ஒன்பது பாட்டு, ஆனால் ஒரே கதை. ஒரு கலங்கரை விளக்கத்தின் காவல்காரன், அவன் மகள், ஒரு புயல், ஒரு கப்பல். பாட்டுக்குப் பாட்டு கதை நகரும். நடுவில் ஒன்றை எடுத்துத் தனியாகக் கேட்கிறவனை நான் ரசிகனாகவே மதிப்பதில்லை. நாவலில் ஏழாம் அத்தியாயத்தை மட்டும் கிழித்துப் படிப்பாயா?

இதை நான் சொல்வதுதான் வேடிக்கை. ஏனென்றால் நான் அதில் பாதியைத்தான் கேட்டிருந்தேன்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் யார் யார் பேச்சையோ காதில் வாங்கிக் களைத்து வீட்டுக்கு வந்தால், அங்கே நானும் தம்பியும் கேசட்டுக்காக முடியைப் பிடித்து உருண்டுகொண்டிருந்தோம். அம்மா எங்கள் இரண்டு பேர் காதையும் திருகிப் பிரித்தாள். ஏ பக்கம் அக்காவுக்கு, பி பக்கம் தம்பிக்கு, ஒருத்தர் பக்கத்தை இன்னொருத்தர் தொட்டால் கேசட் அடுப்புக்குள் போகும் என்று தீர்ப்புச் சொன்னாள். பாட்டு வரிகள் அச்சிட்ட மடிப்புத் தாளையும் நடுவில் சரக்கென்று கிழித்து ஆளுக்குப் பாதியாகக் கையில் திணித்தாள். தலைவலி தீரும்வரைக்கான தீர்ப்பு அது. மறுநாளே அம்மா அதை மறந்துபோனாள். நாங்கள் மறக்கவில்லை.

என் ஏ பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதல் பாட்டில் காவல்காரன் கோபுரப் படிகளில் ஏறுகிறான். இரண்டு கிடாரும் சேர்ந்து ஏறும். கனமான மனிதன், கனமான பூட்ஸ், ஒவ்வொரு படியும் நம் நெஞ்சில்தான் விழும். ஏறி ஏறி உச்சிக்கு வந்து, இதோ அடுத்த அடி என்று நாம் கையை ஓங்கும்போது எல்லாக் கருவியும் ஒரே கணத்தில் நின்றுவிடும். ஒரு பொய் நிறுத்தம். மூச்சு விடும் நேரம்தான். புதிதாகக் கேட்கிறவர்கள் எல்லோரும் அங்கே விழுவார்கள். தாளம் போடும் கை வெறும் மௌனத்தில் போய் இடிக்கும். நான் எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். விழாதவர்களை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பாட்டில் துறைமுக அதிகாரி வந்து மிரட்டுவான். மூன்றாவது, காவல்காரனின் சின்ன மகளைப் பற்றியது. அவளுக்கு இருட்டென்றால் பயம். கோபுரத்துக்கென்று வைத்திருக்கும் எண்ணெயில் தினமும் கொஞ்சம் எடுத்துத் தன் அறையில் குட்டி விளக்கு ஒன்று ஏற்றிக்கொள்வாள். மணியில் வாசித்த ஒரு சின்ன மெட்டு, தொட்டில் ஆட்டுகிற மாதிரி. மெட்டல் குழுக்கள் இப்படி ஒரு பாட்டை நடுவில் சொருகுவதுண்டு, தாடி வளர்த்தவர்களுக்கும் இதயம் இருக்கிறது என்று காட்டுவதற்காக. மெட்டு மனதில் ஒட்டிக்கொள்ளும். மற்றபடி அதை நான் பெரிதாக எண்ணியதில்லை. நான்காவதில் பாடலே இல்லை, விளக்கு சுழல்கிறது, அவ்வளவுதான். அந்த டிரம்ஸைக் கேட்டுவிட்டு எவனாவது இது வெறும் சத்தம் என்றால் அவன் பல் செட்டை நான் செய்ய மாட்டேன்.

ஐந்தாவது பாட்டில் புயல். தூரத்தில் கப்பலின் ஊதல். காவல்காரன் ஓடி ஏறுகிறான். தீக்குச்சி உரசுகிற சத்தம். அதோடு முடிந்தது ஏ பக்கம்.

என்னைப் பொறுத்தவரை விளக்கு எரிந்தது. உரசிய சத்தத்தை என் காதால் கேட்டிருக்கிறேன், வேறென்ன சாட்சி வேண்டும்? தம்பிக்கோ காவல்காரன் கொலைகாரன். அவன் பக்கம் தொடங்கும்போதே கப்பல் உடைந்து, பிணங்கள் கரையில் ஒதுங்கிக் கிடக்கின்றனவாம். வழக்கு நடக்கிறதாம். விளக்கு ஏன் எரியவில்லை என்று நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்கிறாராம், காவல்காரன் வாயே திறப்பதில்லையாம். குற்றமில்லாதவன் வாயைத் திறக்க மாட்டானா என்பது தம்பியின் வாதம். பாதிக் கதையை வைத்துக்கொண்டு தூக்கில் போடுகிறவன் நீ என்று நான் சொல்வேன். பாதிக் கதையை வைத்துக்கொண்டு விடுதலை பண்ணுகிறவள் நீ என்று அவன் சொல்வான். அம்மா கறிகாய் நறுக்கிக்கொண்டே இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்வாள்.

இதுவரை விளையாட்டுதான். வினையானது ஒரு மெட்டால்.

ஒருநாள் தம்பி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே முணுமுணுத்தான். அது என் மூன்றாவது பாட்டு. மணி மெட்டு, ஒரு சுரம் பிசகாமல். என் பக்கத்தைத் திருட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறான். நான் பிடித்துக்கொண்டேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அது தன்னுடைய கடைசிப் பாட்டில் வருகிற மெட்டு என்றான், அது எனக்குத் தெரிந்திருக்கிறதென்றால் நான்தான் திருடி என்றான். யார் காதில் பூச் சுற்றுகிறான்? ஒரே மெட்டு இரண்டு பாட்டில் எப்படி வரும்? அன்றைக்குக் கேசட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் நாடா அறுந்தது. அம்மா அடுப்பில் போட வேண்டிய வேலையை நாங்களே செய்துமுடித்தோம்.

பிறகு ஆளுக்கொரு சி.டி. வாங்கினோம். அதில் பக்கமெல்லாம் கிடையாது, ஒன்பதும் வரிசையாக ஓடும். ஐந்து முடிந்ததும் என் விரல் தானாகப் போய் நிறுத்திவிடும். தம்பி ஆறிலிருந்து தொடங்குவான். இன்றைக்கு உலகத்துப் பாட்டெல்லாம் கைபேசியில் கிடைக்கிறது, தொட்டால் போதும். நான் தொடவில்லை. தொட்டால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அம்மா போய்விட்டாள். நாங்கள் வேலை பழகிய பல் லேப் எங்கள் கைக்கே வந்தது. இரண்டு பேரும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேலை செய்வோம். முணுமுணுக்கக் கூடாது என்பது சட்டம். தம்பி தன்னை மறந்து அந்த மணி மெட்டை எடுத்தால், நான் ட்ரிம்மரைப் போட்டுவிடுவேன். ப்ளாஸ்டர் அச்சைத் தேய்த்து மட்டம் செய்கிற மெஷின் அது. போட்டால் சுவரோரமாகச் சுற்றி ஓடும் எங்கள் ஒற்றை மேஜையே நடுங்கும், அவன் கிண்ணத்துத் தண்ணீரில் அலை எழும். வாயை மூடிக்கொள்வான். தேய்ப்பதற்கு அச்சே இல்லாமல் அந்த மெஷின் எங்கள் கடையில் ஓடிய நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு மெஷினே தேய்ந்திருக்கும்.

இப்படி இருக்கையில் தம்பிக்குத் தலைசுற்றல் வந்தது.

அவனுக்கு இடது காது சின்ன வயதிலேயே சீழ் பிடித்துப் போய்விட்டது. வலது காதுதான் காது. அந்தக் காதின் நரம்பில் ஒரு கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. வளர்ந்தால் மூளையை அழுத்தும், எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் காது கேட்காது என்று காது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த மாதத்தில் ஒரு தேதி குறித்தார்கள். இதையெல்லாம் தம்பி என்னிடம் சொல்லவில்லை. அவன் மனைவி சொன்னாள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஐம்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பவள், சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். காது டாக்டர் மேல், கட்டி மேல், வார்ப்பு மெஷினின் சத்தத்துக்குப் பக்கத்தில் காதை மூடாமல் நின்ற தம்பி மேல். அந்தச் சத்தத்துக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னாராம். சொல்லட்டும். கோபப்பட எனக்கு யாராவது வேண்டுமே.

மறுநாள் தம்பி தன் ஸ்டூலைத் திருப்பி என் பக்கம் பார்த்து உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்து எத்தனையோ காலமாயிற்று.

"அக்கா, உன் பக்கத்த நான் கேக்கணும். ஆபரேஷனுக்கப்புறம் கேக்க முடியாது" என்றான்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முன்னாடியே கேட்டுட்டேன்னு ஒத்துக்கோ. இப்பவே போடுறேன்" என்றேன்.

"கேக்காதத கேட்டேன்னு எப்படி ஒத்துக்கறது?"

"அப்ப அந்த மெட்டு எங்கிருந்து வந்துச்சு?"

அவன் ஸ்டூலைத் திருப்பிக்கொண்டான். கைபேசியில் தொட்டால் அவனுக்கும் கேட்டிருக்கும். தொடவில்லை. அந்த வீம்பை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்துக்கொண்டோம்.

நாட்கள் ஓடின. காதுக்குள் இரைச்சல் கூடிக்கொண்டே போனது போலிருக்கிறது. பல் டாக்டர்கள் கடைக்குப் போன் செய்தால் திரும்பத் திரும்பக் கேட்டு, பிறகு என்னிடம் நீட்டிவிடுவான். அவன் கேட்க வேண்டிய பாட்டு என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. ஒரு வார்த்தை, ஒத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

ஒரு மதியம் அவன் மனைவி பஸ்ஸைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். தம்பி டெலிவரிக்குப் போயிருந்தான்.

"அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

கோபித்துக்கொள்வேன் என்றேன்.

"கோவிச்சுக்கோங்க. என் பஸ்ல வர்ற குழந்தைங்ககூட சாக்லெட்டுக்காக இவ்வளவு நாள் சண்டை போடாது. அவர் வீட்டுல உக்காந்து என்ன பண்றார் தெரியுமா? பொண்ணுகிட்ட பேசச் சொல்லி, அந்தக் குரல மனப்பாடம் பண்றார். அடுத்ததா, அக்கா பக்கம் கிடைக்கலையேங்கிறார். நீங்க அவர் ஜெயிக்கக் கூடாதுன்னு பாக்குறீங்க. அவர் ஜெயிக்கவே வரல அண்ணி. கேக்க வர்றார்."

சொல்லிவிட்டு அவள் போய் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி வண்டியை எடுத்தாள். அது எனக்கான ஹாரன் என்று புரிந்தது. நான் அன்று நட்ட கடைவாய்ப் பல் இரண்டும் கோணலாகப் போயிற்று.

சரி, போடுகிறேன் என்று முடிவு செய்தேன். இரக்கத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? முதல் முறை கேட்கிறவனுக்கும் ஏற்கெனவே கேட்டவனுக்கும் இருக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, அப்புறம் மன்னித்துக்கொள்ளலாம்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைக் கதவைச் சாத்தினேன். என் ஹெட்ஃபோனை எடுத்து அவன் தலையில் மாட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் எதிரே உட்கார்ந்து, வெளியே கசிகிற சத்தத்தை வைத்துப் பாட்டைப் பின்தொடர்ந்தேன்.

கிடார்கள் படியேறத் தொடங்கின. முதல் அடியிலேயே தம்பியின் விரல்கள் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தன. தடுமாற்றமே இல்லை. எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று பழகிய கை. அகப்பட்டான் திருடன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு, இதோ, என் கண்ணெதிரே.

கிடார்கள் உச்சிக்கு ஏறின. பொய் நிறுத்தம் வந்தது.

தம்பி விழுந்தான். அவன் கை மௌனத்தில் டங்கென்று மோதியது. கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தான். நடித்தால் எனக்குத் தெரியாதா? அது நடிப்பில்லை. படிக்கட்டு முடிந்தது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலை வைத்தவனின் முகம். இந்தப் பாட்டை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

அப்படியானால் அந்தத் தாளம் எப்படித் தெரிந்தது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டில் மணி ஒலித்தது. தம்பி இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினான். போட்டேன். இன்னொரு முறையும் போட்டேன். ஐந்தாவதில் தீக்குச்சி உரசி நின்றபோது, ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு கோபுரத்து எண்ணெயவா எடுத்தா?" என்று கேட்டான்.

ஆமாம், இருட்டுக்குப் பயம், தினம் கொஞ்சம், அதற்கென்ன என்றேன்.

"அதுக்கென்னவா?" தம்பி சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "இத்தன வருஷமா இத உன் கையில வச்சிருந்தியே அக்கா. உனக்கு ஒண்ணுமே தெரியலியா?"

என்ன தெரியவில்லை என்று சொல்லச் சொன்னேன். மாட்டேன் என்றான். நாளைக்குத் தன் பக்கத்தை நான் கேட்க வேண்டுமாம், கேட்டால் தானாகப் புரியுமாம், அதற்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டுமாம். ஒரே ஒரு நாள் பேச்சு. அதற்காகத்தான் இவ்வளவும் என்றான்.

பேசியிருக்கலாம். அவன் காதில் என் குரல் விழுகிற கடைசி நாளாக அது இருந்திருக்கும். ஆனால் என் பாட்டைப் பற்றி, நான் வரிவரியாகத் தின்று செரித்த பாட்டைப் பற்றி, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், போய் ஆபரேஷனை முடித்துக்கொண்டு வா என்றேன். பொய் நிறுத்தத்தில் விழுந்ததை நான் பார்த்தேன், நீ திருடவில்லை என்பதையும் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்லிப் பழகிய வாய் அது.

தம்பி மறுநாள் கடைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டி போனது. காதும் போனது. டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது, ஒரு தவறும் இல்லை, திட்டுவதற்கும் ஆளில்லை.

சில வாரம் கழித்து அவன் வேலைக்கு வந்தான். காதுக்குப் பின்னால் சிரைத்த இடத்தில் முடி குத்திட்டு வளர்ந்திருந்தது. வேலையில் ஒரு குறையுமில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, அவ்வளவுதான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் முன்னால் போய் நின்று வாயசைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதிக் காட்ட வேண்டும். அவனோ முன்பைவிடச் சத்தமாக முணுமுணுத்தான். தன் குரல் தனக்கே கேட்காததால், முணுமுணுக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. சுதி ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கம். பழக்கத்தில் நான் ட்ரிம்மரைப் போட்டேன். அவன் கிண்ணத்தில் அலை எழுந்தது. மேஜையின் நடுக்கத்தைக் கையால் உணர்ந்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டான். திரும்பிப் பார்த்து, மன்னிச்சுக்கோ என்பதுபோலக் கையைத் தூக்கினான்.

அதற்கு முன்னால் ஒருநாளும் அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் வேலை குறைவு. மதியத்துக்கு மேல் நான் சி.டி.யைப் போட்டேன், ஹெட்ஃபோன் இல்லாமல், ஸ்பீக்கரில். ஐந்தாவது பாட்டில் தீக்குச்சி உரசியது. என் விரல் பொத்தான் வரைக்கும் போனது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தம்பி எதற்கோ திரும்பியவன், சி.டி. ஓடும் பெட்டியில் ஆறு என்ற எண்ணைப் பார்த்துவிட்டான். கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். பாட்டுக்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்ப்பான். அவனுக்கு ஒலி தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப அலை. பிணம் ஒதுங்குது" என்றான். ஒதுங்கியது.

ஏழாவதில் நீதிமன்றம். சாட்சிக் கூண்டில் காவல்காரனின் மகள், மெல்லிய பெண் குரல். அப்பா அன்றைக்கு விளக்கேற்ற ஏறியதைப் பார்த்தேன் என்கிறாள். வேறெதுவும் அவளுக்குத் தெரியாது. எட்டாவதில் நீதிபதி கேட்கிறார். விளக்கு ஏன் எரியவில்லை? கிடாரெல்லாம் சேர்ந்து அந்தக் கேள்வியை இடித்துவிட்டு நிற்கும். பதிலுக்கு விட்ட இடத்தில் ஒன்றுமே இருக்காது. மறுபடி கேள்வி. மறுபடி ஒன்றும் இருக்காது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தீக்குச்சியை அவன் உரசத்தான் செய்தான். விளக்கில்தான் எண்ணெய் இல்லை. எண்ணெயை எடுத்தது யாரென்று அவனுக்குத் தெரியும், தான் எடுத்ததால்தான் விளக்கு எரியவில்லை என்று கூண்டில் நிற்கிற குழந்தைக்குத் தெரியாது. அவன் வாயைத் திறந்தால் அவளுக்கும் தெரிந்துவிடும். நூறு பேர் முழுகியது தன்னால்தான் என்று அவள் வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டும். அதனால் அவன் திறக்கவில்லை. நான் ஒப்புக்குச் சொருகியது என்று தள்ளிய மூன்றாவது பாட்டில்தான் கதையே இருந்தது. என்னிடம் காரணம் இருந்தது, தம்பியிடம் மௌனம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தோம்.

"புரிஞ்சுதா?" என்றான் தம்பி. என் முகத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டும். திருப்தியாகத் தலையாட்டினான்.

ஒன்பதாவது தொடங்கியது. தூக்குமேடைப் படிகள். கிடார்கள் ஏறின, என் முதல் பாட்டின் அதே ஏற்றம், அதே பூட்ஸ். தம்பியின் விரல்களுக்கு அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. நானும் தாளம் போட்டேன். உச்சிக்கு வந்ததும், எத்தனையோ பேரை விழவைத்த இடமாயிற்றே என்று, கையைத் தூக்கி நிறுத்திக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை. நிறுத்தமே இல்லாமல் நேராக ஏறிப் போய்விட்டது. என் கை அந்தரத்தில் தொங்கியது.

தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தான். "நீயும் விழுந்தியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இங்க அழக் கூடாதுக்கா" என்று அதட்டினான். "இன்னும் வரல. பொறு."

பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலைத் தூக்கி வைத்திருந்தான். இறக்கினான். மணி ஒலித்தது. என் மூன்றாவது பாட்டின் மெட்டு, அவனுடைய கடைசிப் பாட்டில். தூக்குக் கயிற்றின் கீழே நின்று காவல்காரன் மகளுக்காக அதை முணுமுணுக்கிறான். தம்பி திருடவில்லை. அந்த மெட்டு எப்போதும் அவனுடையதாகவும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆயுள் அவகாசம் இருந்தது, கேட்க அவனுக்குக் காதும் இருந்தது.

தம்பியும் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தான். காவல்காரன் ஒரு சுதி, இவன் ஒரு சுதி. பாட்டு முடிந்து பெட்டி ஓய்ந்த பிறகும், அது தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு இவன் மட்டும் தொடர்ந்தான். கடைக்குள் அந்தக் கோணல் குரலைத் தவிர வேறு சத்தமில்லை. நடுவில் ஏதோ நினைவு வந்தவனாகக் கண்ணைத் திறந்தான். உள்ளங்கையை மேஜையில் பதித்துப் பார்த்தான். கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தான்.

"என்னக்கா, மெஷின போடலியா?" என்றான்.

போடவில்லையடா என்றேன். அவனுக்கு அது கேட்கவில்லை. பழக்கத்தில் சுவிட்ச் பக்கம் போயிருந்த கையை எடுத்து, அவன் பார்க்கும்படி மேஜையின் மேல் வைத்தேன்.